பிடரி பார்க்கும் ஸமீம் நானா

கரையோர ரயில் கடந்து போன கையோடு ஸமீம் நானா எழும்பிவிடுவார். சட்டைத் துணி அளந்த பழைய மரக்கோல் ஒன்று கதவு மூலையில் சாய்ந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடப்பார். ரயில் போகும் அதிர்வில் படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கோலின் நுனியால் ஒவ்வொரு சட்டத்தின் கீழ்மூலையிலும் செல்லமாக ஒரு தட்டு. நேராகிவிட்டதா என்று தலையைச் சரித்துப் பார்ப்பார். கடைசிப் படத்தை நேராக்கிவிட்டுக் கதிரையில் குந்தும்போது எதிர்த்திசையில் அடுத்த ரயில் வந்துவிடும். இதற்காக அவர் சலித்துக்கொண்டதை யாரும் கண்டதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், அவருடைய வீட்டு மேல்மாடிதான் அந்தச் சின்ன ஓவியக்கூடம். காலி வீதியில் சாரிக் கடை நடத்திய காலத்தில் அது சரக்கு அறையாக இருந்தது. கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தபோது அறை காலியானது. சுவரில் ஆணிகள் மட்டும் மிஞ்சின. மகள் நிம்றாவின் சிநேகிதி ஒருத்தி தன் படங்களை ஒரு கிழமைக்கு மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மாட்டினாள். அவள் கழற்றிக்கொண்டு போவதற்குள் இன்னொருத்தர் வந்து கேட்டார். அன்றிலிருந்து அந்த ஆணிகளுக்கு ஓய்வில்லை.

கடைக்காரப் புத்தி மட்டும் ஆளை விட்டுப் போகவில்லை. கூடத்தின் கதவை அவர் ஒருநாளும் முழுதாகத் திறப்பதில்லை. ஒரு பலகையைத் திறந்து மற்றதைச் சாத்தியே வைப்பார். கேட்டால், "முழுசாத் தொறந்தா அது வாசல். பாதி தொறந்தா அது ஆச. மனிசன் எட்டிப் பாக்காமப் போக மாட்டான்" என்பார். வந்தவர்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ உண்டு. ஆனால் தேத்தண்ணீர் கையோடு படத்துக்குக் கிட்டப் போகக் கூடாது. முப்பது வருஷம் "தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க" என்று சொன்ன வாய், இப்போது "தொட வேணாம், பாருங்க" என்று சொல்லும்போது கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

படங்களைப் பற்றி யாராவது விளக்கம் கேட்டால் கையை விரித்துவிடுவார். "எனக்குப் படம் ஒண்டும் வெளங்காது. படத்தப் பாக்கிற மனிசர வெளங்கும்." அதில் பொய்யில்லை. வருகிறவர்களுக்குப் பின்னால், மரக்கோலும் கையுமாக, நாலைந்து அடி தள்ளி நிற்பதுதான் அவருடைய வேலை. சாரி பார்க்க வந்த பெண்களை அவர் ஒருநாளும் முகத்தைப் பார்த்து எடைபோட்டதில்லை. விலை கேட்கும்போது முகம் கோணும், பிடிக்காத மாதிரி நடிக்கும், அதெல்லாம் பேரம். பிடித்துப் போனவளின் கழுத்து மட்டும் மெல்ல ஒரு பக்கம் சரியும். கை தன்னையறியாமல் தன் தலைமுடியையோ தோளையோ தேடும். "மொகம் பொய் செல்லும். பொடரி செல்லாது" என்பது அவருடைய வேதவாக்கு. அதன் பலனாக, கூடத்துக்கு அடிக்கடி வருகிற பலரை அவர் ரோட்டில் நேருக்கு நேர் கண்டால் யாரென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். அவர்கள் திரும்பி நடந்தால்தான் பெயர் ஞாபகம் வரும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதுதான் அவரை இந்த முறை மாட்டிவைத்தது. விற்றுப்போன படத்தின் பெயர்ச்சீட்டில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவது கூடத்து வழக்கம். ஸமீம் நானா திறப்பு நாளில் ஆட்கள் வருமுன்பே ஒரு பொட்டை ஒட்டிவிடுவார். சாரிக் கடைக் காலத்திலும் காலையில் கடை திறக்கும்போது மேசையில் ஒரு சாரியை மடித்துப் பொதிசெய்து, யாரோ வாங்கிவிட்டுப் போன மாதிரி வைத்திருப்பாராம். "மொதல் வியாபாரம் நடந்த எடத்துலதான் ரெண்டாவது ஆளுக்குக் கை நீளும்." இந்தப் பொய்ப் பொட்டுக்கென்றே வத்தளையிலிருந்து அவருடைய சிநேகிதர் தாஸிம் மாஸ்டர் ஒரு படம் கொண்டுவருவார். மூன்று வருஷமாக அதே வாழைக்குலைப் படம்தான். மூன்று வருஷமாக அது "விற்றுப்போய்"க்கொண்டிருந்தது.

இந்த வருஷத்து ஒழுங்கைக் கண்காட்சிக்கு மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வாழைக்குலையும் வரவில்லை. ஒழுங்கையில் வசிப்பவர்களும் வேலை செய்பவர்களும் தாங்கள் கீறிய படங்களைக் கொண்டுவந்து மாட்டும் கண்காட்சி அது. நானா கையில் பொட்டுத் தாளோடு சுவரைச் சுற்றி வந்தார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றிய ஒரு படத்தில் ஒட்டினார். கீறியவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். திறப்பு நாள் சந்தடியில் அது மறந்தே போனது.

அந்தப் படம் ரஜனியுடையது. ஒழுங்கை முனையில் இருக்கிற சலூனில் தலை கழுவிவிடும் பெண்; ஊர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஷாம்பு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதில் வரிசையாகக் குந்தியிருக்கும் பெண்களைக் கீறியிருந்தாள். தோளில் துவாய், ஈரத் தலை, எல்லாருக்கும் முதுகுதான். ஒரு முகம்கூட இல்லை. 'மொகமே இல்லாத படத்த ஆரு எடுக்கப் போறாங்க' என்பது நானாவின் கணக்கு.

வேலை முடிந்து கை ஈரம் காயாமல் ஓடிவந்த ரஜனி பொட்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். நானா அப்போது வாசலில் யாருக்கோ தேத்தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அந்தப் படத்தின் முன்னால் ஒரு அம்மா நிற்பதைக் கண்டார். வெள்ளைச் சேலை, கையில் மடித்த கறுப்புக் கோட்டு, கொண்டையில் குறுக்கே குத்திய ஒரு பேனை. கழுத்து மெல்லச் சரிந்தது. கை மேலே போய்ப் பேனையைத் தொட்டது. படம் பிடித்துவிட்டது என்று நானாவுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷ அனுபவம் பொய் சொல்லாது!

"ஆர் பிள்ளை கீறினது? இதை எடுக்கலாமோ?" என்று அந்த அம்மா பக்கத்தில் நின்ற ரஜனியைக் கேட்டார்.

"நான்தான் மிஸ்! ஆனா அது போயிருச்சு மிஸ், பொட்டு வச்சிட்டாங்க பாருங்க!" ரஜனியின் குரல் மாடிப்படிவரை கேட்டது. படம் கைநழுவிப் போன கவலையோடு அந்த அம்மா படியிறங்கிப் போனார். அந்தப் பேனை குத்திய கொண்டை கதவைத் தாண்டி மறையும்வரை நானா வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் ரஜனியின் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை அணைக்கிற தைரியம் அவருக்கு வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் கோழை, அவ்வளவுதான்.

ஒரு பொய்யை வளர்க்க ஆள் வைக்கத் தேவையில்லை. சலூன் முழுக்க வந்து பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலிருந்து ரஜனியின் அம்மா குப்பாயி புதுச்சேலை உடுத்துக்கொண்டு வந்தார். பொட்டு தெரிகிற மாதிரி படத்தோடு நின்று போட்டோ எடுத்தார்கள். பிறகு குப்பாயி, நாலாக மடித்துக் கட்டிய ஒரு தேயிலைப் பையை நானாவின் கையில் வைத்தார்.

"எம்மவ படத்த வாங்குனவங்களுக்கு இதக் குடுத்துருங்க ஐயா. நல்ல தேயில. அவங்க நல்லா இருக்கணும்."

நானா தலையை ஆட்டினார். பை மேசையில் இருந்தது. அவர் அந்த மேசையில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார்.

"வாப்பா, நீங்களே அந்தப் படத்த எடுத்துடுங்களே. பொய் மெய்யாகிடும்" என்றாள் நிம்றா.

"கடக்காரன் தன்ட கடைல மொதல் வியாபாரம் செஞ்சா கட வெளங்காது மகள்." கொஞ்சம் பொறுத்து மெதுவாகச் சேர்த்தார்: "அதோட, அது வாங்கினது ஆகாது. பொய்ய மூடினது."

ஆள் வராத ஒரு பிற்பகல். ரயில் போனது. எல்லாப் படத்தையும் நேராக்கிவிட்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றார். விற்றுப்போகாது என்று தள்ளிய படத்தை அப்போதுதான் அவர் ஒழுங்காகப் பார்த்தார். ஒரு பிடரியில் கோபம். பக்கத்துப் பிடரியில் அசதி. கடைசியில் குந்தியிருப்பவள் இப்போதுதான் அழுது முடித்திருக்கிறாள். எப்படித் தெரிந்ததென்று அவருக்கே விளங்கவில்லை. ரஜனி வந்ததும் கேட்டார்.

"ஏன் மகள் ஒருத்திக்கும் மொகம் இல்ல?"

"மொகத்த எங்க நானா நான் பாக்குறேன்? உக்காந்ததும் அவுங்க கண்ண மூடிக்கிறாங்க. நான் பின்னால நிக்கிறேன். பின்னாலருந்தே தெரிஞ்சிரும் நானா, யாரு என்னா நெலமையில வந்துருக்காங்கன்னு."

நானா இவ்வளவு காலமும் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்ததை ஒருத்தி அட்டையில் கீறிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவர் அதில் பொய்ப் பொட்டு ஒட்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனார். கறுப்புக் கோட்டென்றால் நீதிமன்றம்தானே. ஆனால் அந்த அம்மாவின் பெயர் தெரியாது, முகமும் தெரியாது. நீதிமன்ற வளாகத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால் போய், கழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு திரியும் ஒரு வயசாளியை நினைத்துப் பாருங்கள். பொலிஸ்காரர் ஒருவர் தோளில் கைவைத்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு சட்டத்தரணி நோனாவை என்றார் நானா. பெயர்? தெரியாது. ஆள் எப்படி இருப்பார்? "பின்பக்கம் பார்த்தால் சொல்லிவிடுவேன்" என்று அவர் சிங்களத்தில் சொன்ன பதிலுக்கு உள்ளே தள்ளாமல் விட்டது அவருடைய தாடி நரைத்திருந்த புண்ணியம்.

கடைசியில் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில், தேத்தண்ணீர் குடிக்கக் குனிந்த ஒரு கொண்டையில் குறுக்குப் பேனை தெரிந்தது. பெயர் தவமலர். நானா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"வித்துப்போச்சு எண்டு அந்தப் பிள்ளை சொன்னது. விக்கேல்லை எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். பொட்டு ஒட்டினது நீங்கள்தானே?"

"ஓம்."

"அது பொய் எண்டு பிள்ளைக்குத் தெரியுமோ?"

நானா மேசையைப் பார்த்தார்.

"முதல்ல அவவிட்டச் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்." கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வருவேன் என்று ஒரு சொல் இல்லை. அன்றைக்கு மட்டும் அவருடைய பிடரியை வைத்து நானாவால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்காட்சியின் கடைசி நாள், படங்களைக் கழற்றத் தொடங்குமுன், ரஜனியைக் கூப்பிட்டு அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினார். நகத்தால் பொட்டைக் கிள்ளி எடுத்தார்.

"இது நான் ஒட்டினது மகள். ஆரும் வாங்கல்ல. மத்தவங்களுக்கு ஆச வரட்டும் எண்டு ஒட்டினேன். உங்களுக்குச் செல்லாம விட்டது என்ட பெரிய பெழ."

ரஜனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது குரல் உயரவில்லை.

"எங்கம்மா தோட்டத்து லயத்துல எல்லாருக்கும் அந்தப் போட்டோவக் காட்டிக்கிட்டு இருக்கு, நானா."

அவருடைய சட்டைப் பையில் தெரிந்த பொட்டுத் தாளை அவள் பார்த்தாள்.

"அந்தத் தாளக் குடுங்க."

பொட்டுத் தாளைக் கொடுத்தார். அதை அவள் இரண்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இனி இது என் கையில இருக்கட்டும். வித்தா ஒட்டுவேன். விக்காட்டி ஒட்ட மாட்டேன். யாரு படமா இருந்தாலும் சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைக் கழற்றக் கை நீட்டினாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாதி திறந்த கதவால் தவமலர் உள்ளே வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய்ப் படத்தின் முன்னால் நின்றார். பெயர்ச்சீட்டில் பொட்டு இருந்த இடம் வெறுமையாக இருப்பதைக் குனிந்து பார்த்தார்.

"இப்ப எடுக்கலாமோ, பிள்ளை?"

ரஜனி பையிலிருந்து தாளை எடுத்து, ஒரு பொட்டைப் பிரித்து ஒட்டி, கழன்றுவிடுமோ என்ற பயத்தில் பெருவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றாள்.

ரயில் போனது. படங்கள் சாய்ந்தன. ஸமீம் நானா மரக்கோலைத் தேடவில்லை. பின்னால் நிற்கும் தன் வழக்கமான இடத்தை விட்டு மேசைக்குப் போனார். சுற்றிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று, முடிச்சு அவிழாத தேயிலைப் பையை இரண்டு கையாலும் நீட்டினார்.