அரை மாத்திரை

நாகலூர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் பூனைக்கு ஏதாவது என்றால் புவனேஸ்வரியைத்தான் கூப்பிடுவார்கள். காப்பிப்பழம் பறிக்கிறவள் படித்து ஒன்றும் பட்டம் வாங்கவில்லை. ஏற்காட்டு மாட்டு டாக்டர் சொன்னதை அப்படியே மண்டையில் ஏற்றிக்கொண்டவள், அவ்வளவுதான். குட்டியின் கண்ணில் பீளை கட்டினால் காய்ச்சி ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுவாள். வயிறு மட்டும் ஊதியிருந்தால், "பூச்சிங்க இது. டாக்டர்கிட்ட மருந்து வாங்கிட்டு வாங்க" என்பாள். வெறிநோய்த் தடுப்பூசி போடாமல் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் அவள் வாயில் விழுந்தால் தொலைந்தார்கள். இத்தனை பேசுகிறவள் வீட்டில் இரண்டு வருடமாகப் பூனை கிடையாது.

முன்பு மொளகு என்றொரு பூனை இருந்தது. மகள் கீர்த்திகாவின் செல்லம். அதைப் புதர் ஓரத்தில் பாம்பு கடித்துவிட்டதாக லயன் முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து கீர்த்திகா புதர் ஓரக் குறுக்கு வழியில் கால் வைப்பதில்லை. தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போவாள். மழையில் அவள் நனைந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் புவனேஸ்வரி குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு லூர்துசெல்வி தன் பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். கடுவன் பூனை கடித்த காயம் சீழ் வைத்திருந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது.

"காலைல மொத பஸ்ஸுக்கு டாக்டர்கிட்டப் போயிரலாம்" என்றாள் புவனேஸ்வரி.

"அதுவரைக்கும் இதக் குடுத்துடறனுங்க்கா." லூர்துசெல்வி கையை விரித்தாள். அரை மாத்திரை. தலைவலி, மேல்வலி, காய்ச்சல் என்று எதைச் சொன்னாலும் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் டப்பாவிலிருந்து எடுத்து நீட்டுகிற அதே வெள்ளை மாத்திரை. மிஞ்சினதைக் காகிதத்தில் மடித்து வைக்காத வீடே அங்கே கிடையாது.

"வேண்டாங்கண்ணு. பூனைக்கு அது ஆகாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டருங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க. எங்க ஊட்ல பசங்களுக்கே குடுக்கறோம். சூடு நொம்ப இருக்குதுங்க்கா, கொஞ்சம் பாலு இருந்தாக் குடுங்க."

கீர்த்திகா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று புவனேஸ்வரி ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் லூர்துசெல்வி குட்டியின் வாயைப் பிரிக்கப் போனாள்.

"மொளக எந்தப் பாம்பும் கடிக்கல, செல்வி. நாந்தான் கொன்னேன். காய்ச்சல்னு இதே மாத்திரையப் பால்ல கரைச்சுக் குடுத்தேன். மூஞ்சி வீங்கி, ஈறெல்லாம் காப்பி நெறமாயி, மூச்சு வாங்கியே செத்துப்போச்சு. அதுக்கப்புறந்தான் டாக்டரு சொல்லித் தெரிஞ்சுது. எம்புள்ள மூஞ்சியில முழிக்க முடியாம பாம்புன்னு சொல்லிட்டேன்."

லூர்துசெல்வி மாத்திரையைச் சாக்கடையில் எறிந்தாள். வாசலில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

ராத்திரி கீர்த்திகா சாப்பிடவில்லை. புவனேஸ்வரியும் சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டாள்.

விடிந்ததும் புவனேஸ்வரியும் லூர்துசெல்வியும் குட்டியோடு கிளம்பினார்கள். மகளோடு போகும் பழக்க தோஷத்தில் சுற்று வழியில் திரும்பிய புவனேஸ்வரியைப் பின்னாலேயே வந்த கீர்த்திகா நிறுத்தினாள்.

"பஸ்ஸு போயிரும்மா. இந்தப் பக்கமே வாங்க. பாம்புதான் இல்லீல்ல."

குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, புதர் ஓரமாக அவளே முன்னால் நடந்தாள்.