போர் வேண்டாம் என்று எழுதியவள்

மாதேஸ்வரி தன் வாழ்நாளில் சுவரில் எழுதியது ஒரே ஒரு முறைதான். அதற்கே ஊர் திரண்டு வந்து திட்டிவிட்டது.

பிறந்தது ஜவளகிரி. கல்யாணமாகிக் கெலமங்கலம் ரோட்டோரம் மேல்கொல்லப்பள்ளிக்கு வந்தாள். சில வருஷம் ரோஜாத் தோட்டத்தில் முள்ளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் போனாள். லாரிக்கும் டிராக்டருக்கும் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. கடைந்து வரும் இரும்பில் பிசிறு எடுத்து, கையால் தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. பக்கத்து மிஷினில் வினோதா என்ற பெண்ணின் விரல் நசுங்கியபோது, கவனக்குறைவு என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குச் சங்கத்தில் சேர்ந்தவள்தான் மாதேஸ்வரி. "உனக்கு எதுக்கு இந்த வேலையத்த வேலை?" என்று புருஷன் கங்கப்பன் முணுமுணுத்ததோடு சரி. அவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்பது அந்த மனுஷனுக்குத் தெரியும்.

இந்த வருஷம் கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்தது. பீரங்கிக் குண்டின் மேலோடு. எங்கேயோ நடக்கிற சண்டைக்காம். சண்டை நின்றுவிடுவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டுமே என்று அவர்களுக்கு என்ன அவசரமோ! எட்டு மணி நேர வேலை பன்னிரண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை லீவு பறந்தே போயிற்று. சங்கம் கூடிப் பேசியது. ஞாயிறு வேலைக்குப் போவதில்லை, ஊரைக் கொல்கிற சாமானை எங்கள் கையால் செய்ய மாட்டோம் என்று முடிவெடுத்து, ஊர் ஊராய்ச் சுவரில் எழுதச் சொன்னார்கள். மாதேஸ்வரி பால் சொசைட்டிச் சுவரில் ஆளுயரத்துக்குச் சிவப்பில் எழுதினாள்: போர் வேண்டாம்.

விடிந்ததும் வாசலில் பெண்கள் கூட்டம். எல்லார் இடுப்பிலும் காலிக் குடம். முன்னால் நின்றவள் முனிலட்சுமி. அதே கம்பெனியில் பிசிறு எடுப்பவள்தான். வாய் மட்டும் பக்கத்து ஊரான தளி வரைக்கும் கேட்கும்.

"ஏன்டி மாதேசு, போர் வேணாம்னு எழுதறதுக்கு நீ யாருடி? உங்கூட்டுல தண்ணி ஊறுதா? கம்பெனிக்காரங்க நம்ம ஊருக்குப் போர் போட்டுத் தர்றோம்னு இப்பத்தான் வாயத் தொறந்தாங்க. அதுல மண்ணப் போடறியே, பாவி!"

மாதேஸ்வரி திகைத்துப்போனாள். பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தில் போர் என்றால் பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுப்பதுதான். குண்டு போட்டு அடித்துக்கொள்வதை யார் போர் என்கிறார்கள்? டிவியில் செய்தி வாசிக்கிறவர் சொன்னால் உண்டு.

"ஐயோ அக்கா, அந்தப் போர் இல்ல. நாட்டுக்கு நாடு அடிச்சிக்கிறாங்களே, அது."

"யுத்தமா?" முனிலட்சுமி வீட்டில் தெலுங்கு. "யுத்தம்னு எழுதித் தொலைக்கறதுக்கு என்னா? தெலுங்குக்காரங்களுக்கும் புரியும், கன்னடக்காரங்களுக்கும் புரியும். உங்க சங்கத்துல ஒருத்தருக்கும் மூளையே கெடையாதா?"

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கம்பெனி எச்.ஆர். பிரதாப்புக்கு அந்தச் சுவரின் படம் போய்ச் சேர்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மேல்கொல்லப்பள்ளிப் பெண்களைக் கூட்டி, "போர் வேண்டாம்னு உங்க ஊர்லயே எழுதிட்டீங்களாமே?" என்றான். அர்த்தம் தெரியாமலா கேட்டான்? கள்ளன், எல்லாம் தெரிந்தவன். அப்புறம் குரலை இறக்கினான். "ஞாயித்துக்கிழமை பஸ் வரும். எல்லாரும் ஏறி வந்துட்டீங்கன்னா, மறுநாளே போர் லாரியும் ஊருக்கு வரும்."

மாதேஸ்வரி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஏறாதீர்கள் என்று சொன்னால் ஊர்த் தண்ணீருக்குக் குறுக்கே நின்றவள் ஆவாள். சொல்லாமல் விட்டால் இனி எந்த ஞாயிறும் அவர்களுக்கு இல்லை. குண்டும் தங்கு தடையில்லாமல் போகும். சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சாயத்துக் குழாயடியில் வரிசையில் நின்றபோதும் அந்தப் பேச்சை எடுக்காமல் குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். நூல் மாதிரி வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே முனிலட்சுமிதான் கேட்டாள்.

"அந்தக் குண்டு எங்க போய் வுழும்?"

"தெரியாதுக்கா. நம்மகிட்ட யாரு சொல்றாங்க?"

"ஊர் மேலயா?"

"ஊர் மேலதான்."

முனிலட்சுமி தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டாள். "நாளெல்லாம் பிசிறு எடுக்கறேன். தொடறவங்க கைய கிழிச்சிரக் கூடாதேன்னு தடவித் தடவிப் பாக்கறேன். குண்டுக்குப் போய் பிசிறு எடுத்திருக்கறேன் பாரு, என்னா கூத்து இது!"

நாளைக்குப் பஸ் ஏறுவாளா மாட்டாளா என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் மாதேஸ்வரிக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் வந்து நின்றது. பெண்கள் சொசைட்டிப் பக்கம் ஒதுங்கி நின்று, முதலில் யார் ஏறுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனிலட்சுமி நேராகப் போய்ப் படியில் கால் வைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் மாதேஸ்வரி.

முனிலட்சுமி உள்ளே ஏறவில்லை. படியில் நின்றபடியே டிரைவர் திம்மராயனிடம், "வண்டிய எடுண்ணா. நாங்க யாரும் வரல" என்றாள்.

"யோசிச்சிக்கோம்மா. அப்பறம் போர் வராது."

"வர வேணாம்."

சொல்லிவிட்டு இறங்கியவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. யாரும் ஏறவில்லை. பஸ் காலியாகத் திரும்பிப் போயிற்று. மாதேஸ்வரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். முனிலட்சுமி வெடுக்கென்று உதறினாள்.

"தொடாத. எனக்கு ஆத்திரமா வருது. எம்மருமவளுக்கு இது எட்டாம் மாசம். அவ கொடம் தூக்கக் கூடாதுன்னுதான் அந்தப் போருக்கு அப்படி அடிச்சிக்கிட்டேன். தெரியுமா உனக்கு?"

மாதேஸ்வரிக்குத் தெரியாது. ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள்.