ஜொகூர் பாருவில் இரண்டு கூடைப்பந்து

போன மாதம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயிலில் போனேன். ரெங்கம் தாண்டியதும் பழைய ஞாபகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துக் கோப்பைக்காக நாங்கள் ஏழு பேர் இதே தடத்தில் போனோம். இனி ஆடப் போகிற பெண்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு ஏறினால் லாபிஸ், குளுவாங், ரெங்கம் என்று நின்று நின்று மதியம்தான் போய்ச் சேரும். ஜன்னலோரம் வேண்டாம், என்ஜின் கரி வெள்ளைச் சட்டையை விடாது. எங்கள் தலைவி பாக்கியம், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மகள், எல்லாருக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டி வந்திருந்தாள். மறுமாதம் அவளுக்குக் கல்யாணம்.

"இந்த ஒரு மேட்ச் ஜெயிச்சிடணும். அப்புறம் யாரு என்னை வெளிய விடப் போறாங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டேஷனிலிருந்து திடல் ஒரு மைல். ரிக்‌ஷாவுக்குப் பதினைந்து காசு. அங்கே போய் இறங்கிய பிறகுதான் கூத்து. எதிரணியில் ஐந்தே சீனப் பெண்கள், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடினார்கள். எங்கள் வெள்ளைக்கார டீச்சர் சொல்லித்தந்த கூடைப்பந்தில் அணிக்கு ஏழு பேர். பந்து கைக்கு வந்தால் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே பெயர். ஏற்பாடு செய்த ஒருவருக்கும் எந்த ஆட்டம் என்று கேட்கத் தோன்றவில்லை.

நடுவர் ஆட்டமே வேண்டாம் என்றார். பாக்கியத்தின் முகம் செத்துப்போனது. ஆனால் விடவில்லை.

"அலமாக், இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மா திரும்புறதா? அஞ்சு பேரே ஆடுறோம். பாதி நேரம் எங்க ஆட்டம், பாதி அவங்க ஆட்டம்," என்றாள். அதையே அரைகுறை மலாயில் சொல்லி, எதிரணித் தலைவி மெய் லானையும் தலையாட்ட வைத்தாள். நான் வெளியே உட்கார்ந்தேன்.

முதல் பாதி எங்கள் விதி. ஓட முடியாமல் அவர்கள் தவித்தார்கள். நாங்கள் முன்னால் போனோம். இரண்டாம் பாதியில் எல்லாம் தலைகீழ். பந்து கிடைத்ததும் எங்கள் பெண்கள் பழக்கதோஷத்தில் நிற்க, அவர்கள் தட்டிப் பறித்துக்கொண்டு போனார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரே ஒரு கூடை பின்தங்கியிருந்தோம். பந்து பாக்கியத்திடம் வந்தது. நின்றுவிட்டாள்.

மெய் லானுக்கே பொறுக்கவில்லை. "லாரி லா!" என்று கத்தினாள். மலாயில் ஓடு என்று.

பாக்கியம் ஓடினாள். பந்தைத் தட்டிக்கொண்டு, பின்னல் அவிழ, திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. கூடையை நோக்கிக் கை தூக்கும்போது நடுவர் விசில் ஊதிவிட்டார். தோற்றோம்.

திரும்பும் ரயிலில் அவள் அழவில்லை. லாபிஸ் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "தோத்ததுகூட பரவாயில்ல லா. ஓடலாம்னு முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாம்."

அதன்பிறகு அவள் எந்தத் திடலிலும் இறங்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆகவே போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டையைப் பெட்டிக்குள் வையுங்கள். வருகிறோம் என்று ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: பந்தோடு ஓடலாமா?