ஆற்காட்டுக் கிணற்றில் என் மனைவி படித்த கல்

ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாற்றிலிருந்து வேனில் கிளம்பிச் சிற்றூர்களின் வரலாற்றைப் பார்த்து வரும் குழுவில் நானும் ஒருவன். ஆற்காட்டுக்குப் போன அன்று பிரியாணிக்காக என் மனைவியும் வந்தாள். அங்கே ஒரு பழைய கிணற்றுச் சுவரில் உருது எழுத்து செதுக்கிய கல் இருந்தது. எங்களை அழைத்துப் போன பேராசிரியருக்கு உருது தெரியாது. எனக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் தமிழ்தான். மனைவி உருது பேசும் வீட்டுப் பெண். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தாள்.

“வழில போறவங்க தண்ணி குடிக்கணும்னு ஒரு அம்மா வெட்ன கிணறுன்னு எழுதிகீது சார்.”

“இன்னொரு தரம் சொல்லுங்கம்மா” என்று பேராசிரியர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் எல்லோரும் அவளிடமே பேசிக்கொண்டு வந்தார்கள். குழுவுக்குப் புதியவர் ஒருவர் என்னிடம், “நீங்க யாரு சார்?” என்று கேட்டார்.

“அவங்க வீட்டுக்காரர்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.