லின்ஃபீல்டில் ஒரு கிண்ணம் மேம்மி

லின்ஃபீல்ட் தேவாலயத்து ஈஸ்டர் சந்தையில் நிற்கிறேன். விமான நிலையத்துக்கு டாக்சி சொல்லியாகிவிட்டது. கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. மேசைக்குப் பின்னாலிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா வாசலில் நிற்கும் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் தார் போலக் கறுத்த களி.

"இது என்னக்கா?"

"மேம்மி. ரை எண்ட தானியத்தின்ர மாவும் மால்ட்டும். என்ர மனுசன் பின்லாந்துக்காரர், அங்க ஈஸ்டருக்குச் செய்யிறது. ஆஸ்பத்திரியால வந்த பிறகு அவர் ஒண்டும் சாப்பிடுறேல்லை. இண்டைக்குத்தான் முதல்தரம் செய்தனான், குடுக்கப் பயமாக் கிடக்கு. அந்தக் காருக்கைதான் இருக்கிறார், நீங்கள் கொண்டுபோய்க் குடுப்பீங்களே?"

கிண்ணத்தில் களி வைத்து, க்ரீம் ஊற்றித் தருகிறார். காருக்குள் இருக்கும் பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். என் டாக்சி ஹாரன் அடிக்கிறது. கரண்டி கிண்ணத்தைச் சுரண்டும்வரை நான் நகரவில்லை.

என்னைத் தாண்டி மனைவியை, அவருடைய யாழ்ப்பாணத் தமிழிலேயே கூப்பிடுகிறார்: "இன்னும் கொஞ்சம் தாரும்."

அக்கா களித் தட்டோடு ஓடி வருகிறார்.