கழுவிய போத்தல்

வழக்குகளில் இரசாயன நிபுணராகச் சாட்சி சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் கொட்டாஞ்சேனைப் பெண்ணொருத்தியின் வழக்கை மட்டும் மறக்க முடியவில்லை.

துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய கணவன், ஒரு மருந்துக் கடையில் கலந்து கொடுத்த டானிக்கைக் குடித்துப் பார்வையை இழந்தான். அதில் கண்ணைக் கெடுக்கும் மரச்சாராயம் கலந்திருந்தது என்பது எங்கள் தரப்பு வாதம். அரைப் போத்தல் மிச்சம் இருந்தது. அதைச் சோதிக்கத்தான் என்னை அமர்த்தினார்கள்.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு அவளே போத்தலைக் கொண்டுவந்தாள். அது பளபளத்தது. உள்ளே ஒரு துளி இல்லை.

"மருந்து எங்கை, பிள்ளை?"

"ஊத்திப்போட்டு, சாம்பல் போட்டுக் கழுவினனான், ஐயா. ஊத்தைப் போத்திலை உங்களிட்டைக் கொண்டுவரலாமோ? மணந்து பாருங்கோ, ஒரு மணமும் வராது."

அந்நாளில் மருந்து வாங்க நாங்கள்தான் போத்தல் கொண்டுபோவோம். கழுவாத போத்தலைக் கண்டால் கடைக்காரர் ஏசித் திருப்பி அனுப்புவார். அவள் பழகிய ஒழுங்கு அதுதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை, கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு அட்வகேட் கேட்டது ஒரே கேள்வி: போத்தலில் என்ன கண்டீர்கள்?

"ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது" என்றேன் ஆங்கிலத்தில். அதைவிட உண்மையான சாட்சியம் நான் சொன்னதில்லை. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

கூண்டைவிட்டு இறங்கி அவர்களைக் கடந்தபோது, அவள் கணவனின் கையைப் பிடித்து மெல்லச் சொல்வது கேட்டது:

"இஞ்சருங்கோ, கேட்டனீங்களோ? போத்தில் சுத்தமாம். ஐயாவே சொல்லிப்போட்டார்."