தார்ப்பாய் கட்டிய சமையல்கட்டு

போன ஆனி மாதக் கடைசியில், திருச்செங்கோடு பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. வீட்டுக்குள் கறி சமைத்தால் பூஜை அறை வரை வாசம் போகிறது என்று நான் புலம்பிப் புலம்பியே தோட்டத்தில் தனியாக ஒரு சமையல்கட்டு கட்ட வைத்திருந்தேன். மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, கருங்கல் மேடை, பெரிய கேஸ் அடுப்பு. மேடை எவ்வளவு உயரம், அடுப்பு எந்தத் திசை என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்துதான் முடிந்தது.

ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாது. அதனால் அவசர அவசரமாக ஒரு காலை முகூர்த்தம் பார்த்தோம். எங்கள் வழக்கப்படி கூடப் பிறந்தவள்தான் முதல் பால் காய்ச்ச வேண்டும். என் கணவரின் அக்கா பள்ளிபாளையத்திலிருந்து வந்தார். நங்கை என்று கூப்பிடுவேன். எனக்கும் அவருக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம்தான்.

அடுப்பைப் பற்ற வைத்தால் காற்று ஊதி அணைத்தது. மறுபடியும் பற்ற வைத்தோம், மறுபடியும் அணைந்தது. "அடுப்ப இந்தப் பக்கம் வெக்கச் சொன்னது ஆரு?" என்று நங்கை என்னைப் பார்த்தே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் லாரித் தொழிலிலேயே ஊறிப்போனவர். ஷெட்டிலிருந்து தார்ப்பாயை இழுத்து வந்து, லோடு கட்டுவது மாதிரி நாலு பக்கமும் தரை வரை இறுக்கிக் கட்டினார். "இப்ப எப்படிக் காத்து வருதுன்னு பாக்கறேன்!" என்று பெருமை வேறு. அந்த மும்முரத்தில் அடுப்பின் திருகை அவர் அடைத்திருப்பார் என்று நானும், நான் அடைத்திருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டோம்.

நங்கை கனன்ற கரியில் சாம்பிராணி போட்டு உள்ளே எடுத்து வந்து மேடைமேல் வைத்தார். வழிக்கு விட்டிருந்த ஓரமும் படபடவென்று அடிக்கவே, அதையும் என் கணவர் வெளியிலிருந்து கட்டிவிட்டார். உள்ளே நாங்கள் இரண்டு பேர். ஒரே சாம்பிராணி மணம். நங்கை தட்டில் சூடம் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தார்.

மேடையிலிருந்து பூ நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். குப்பென்று கேஸ் நாற்றம்! காற்றைவிடக் கனமான கேஸ் தரையோடு தேங்கி நிற்க, மேலே சாம்பிராணி மணம் அதை மறைத்திருக்கிறது.

"நங்கை, கிழிக்காதீங்க!" என்று கத்தினேன். குச்சி பெட்டியில் உரசப் போகிறது. யோசிக்கவே இல்லை, அவர் கையில் ஓங்கி ஒரு அடி. தீப்பெட்டி தெறித்து விழுந்தது. சீர் செய்ய வந்தவரைக் கை நீட்டி அடித்துவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவே முடியவில்லை.

"கேஸுங்க!" என்று சொல்லித் திருகை அடைத்தேன். குச்சியைத் தட்டிவிட்டாயிற்று. மேடைமேல் சிவப்பாகக் கனலும் கரியை என்ன செய்வது? தார்ப்பாயை இழுத்தால் அசையவில்லை. "அவுத்துவிடுங்க!" என்று அலறினேன். "சண்டையப் பொறவு வெச்சுக்கங்க!" என்கிறார் வெளியே நின்ற மனிதர்!

சாத்திரம் சம்பிரதாயத்தில் ஒரு நூல் பிசகாத நங்கை அப்போது அடுப்பில் ஏற்றியிருந்த பால் சட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். அத்தனை பாலையும் கரிமேல் கவிழ்த்தார். புஸ்ஸென்று அணைந்தது. "டேய், கேஸு! கவுத்த அறுடா!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் என் கணவருக்கு உறைத்தது. அரிவாளால் கயிற்றை வெட்டினார். நாங்கள் வெளியே வந்து விழுந்தோம்.

நங்கையின் கை சிவந்து வீங்கியிருந்தது. "அடிச்சுட்டனுங்க நங்கை" என்று அழுதேன். "உசுரு இருந்தாத்தானே கை வலிக்கும், அழுவாத சாமி" என்று என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

ஆவணியில் அவரே வந்து பால் காய்ச்சினார். எங்கள் சண்டை ஓய்ந்துவிடவில்லை. உப்பு, புளி, அடுப்பின் திசை என்று இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம், இதைக் கேட்க நானும் சொல்ல அவரும் மிச்சமிருக்கிறோமே என்று மனசு ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்கிறது.